புன்னையின் உடன்பிறப்பு
(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

     

இத்தகைய விழாவில் கம்பனைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் கேட்பதே நம் அனைவர்க்கும் இனிப்பு. ஆயினும், இவ்வாண்டு விஞ்ஞானம் பற்றியும் ஒரு பேச்சு வேண்டும் என்று சங்கத்தார் விரும்பினர். அப்பணியை எனக்கு இட்டனர். ஆதலின் ஒரு மரத்தைப் பற்றிப் பேச வந்துள்ளேன். அது தமிழ்நாட்டு மரம் அன்று. போர்னியோ என்னும் பெருந்தீவின் சதுப்புக் காட்டில் அரிதாகக் காணப்படுவது. அதன் உடலில் ஊறும் சில இரசாயனப் பொருள்களே இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை. தீவு எங்கோ, நாம் எங்கோ என்று கருதிவிடாதீர்கள். அம்மரம் நம் புன்னைக்கு உறவு.

புன்னையை நம் முன்னோர் போற்றிய வகையை நீங்கள் அறிவீர்கள். அது நெய்தல் நிலத்தின் மரம். மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் தலமரமும் அதுவே. நற்றிணைப் பாட்டு ஒன்றில், சிறுமியர் விளையாட்டாக மணலில் புதைத்து மறந்த விதை முளைத்து மரமாகிறது. அதனை மகளின் உடன்பிறந்தாள் என்றே தாய் சொல்லி வளர்க்கிறாள். பின்னாளில் அப்பெண், உடன்பிறந்தாள் எதிரே காதலனோடு நகைத்துப் பேசுவதா என்று நாணுகிறாள். மரத்தை உறவாகக் கொண்ட மக்கள் நாம்.

பிழைப்பின் பொருட்டு நாம் வந்து குடியேறிய நாடுகளிலும் அவ்வுறவு நம்மைக் கைவிடவில்லை. வடமொழியாளர் அதனைப் புன்னாகம் என்பர். இந்தி பேசுவோர் சுல்தான் சம்பா என்பர். மராத்தியர் உண்டி என்பர். ஒரிய மக்கள் போலாங்கா என்பர். பெயர் வேறாயினும் மரம் ஒன்றே. தாவர நூலார் இட்ட பெயர் கலோபில்லம் இனோபில்லம் என்பது. கலோபில்லம் என்றால் கிரேக்க மொழியில் ‘அழகிய இலை’ என்று பொருள். தடித்துப் பளபளக்கும் அவ்விலையை ஒளியில் ஏந்திப் பாருங்கள். நடுநரம்பின் இருபுறமும் மெல்லிய நரம்புகள் நெருக்கமாக, கோடு கிழித்தாற்போல் ஓடுவதைக் காண்பீர்கள். இக்குடும்பப் பெயர் தாங்கிய மரங்கள் வெப்ப நாடுகளில் ஏறத்தாழ 190 இனங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றுதான் நாம் பேச எடுத்துக்கொண்ட போர்னியோ மரம். அதன் பெயர் கலோபில்லம் லானிகெரம்.

இனி, மரத்தின் உடலில் இரசாயனப் பொருள்கள் ஏன் ஊறுகின்றன என்று பார்ப்போம். விலங்குக்குப் பகை வந்தால் ஓடலாம், கடிக்கலாம், முட்டலாம். மரம் நின்ற இடத்தில் நிற்க வேண்டியது. புழு இலையைத் தின்னும். பூஞ்சை பட்டையைத் துளைக்கும். அது பெயர்ந்து போக இயலாது. ஆதலின் தன் உடலையே ஓர் ஆய்வுக்கூடமாக்கிக் கசப்பும் காரமும் நஞ்சும் நறுமணமும் ஆக்கிக்கொள்கிறது. நம் அஞ்சறைப் பெட்டியே இதற்குச் சான்று. மிளகின் காரம் பைபரின் என்னும் பொருளால் வருவது. மஞ்சளின் நிறம் குர்க்குமினால் வருவது. குளிர்காய்ச்சலைத் தணித்த கொய்னா, சின்கோனா மரப்பட்டையின் கசப்பே ஆகும். மரம் தன்னைக் காக்க ஆக்கிய பொருள் பல வேளைகளில் நம்மையும் காக்கின்றது.

இத்தகைய பொருள்களுள் கூமரின் என்பது ஒரு பெருங்குலம். புல்லை அறுத்து உலர்த்தும்போது இனிய மணம் ஒன்று எழுகிறதன்றோ? அம்மணத்திற்குக் காரணமானவற்றுள் கூமரின் முதன்மையானது. 1820-இல் டாங்கா என்னும் விதையிலிருந்து அதனைத் தனியே பிரித்தனர். நம் வில்வப் பழத்திலும் அக்குலத்தைச் சேர்ந்த பொருள்கள் உள்ளன. கூமரினின் அடிப்படை, ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு அணு வளையங்கள். புன்னைக் குடும்பத்து மரங்களோ அதனோடு மேலும் இரண்டு வளையங்களை ஒட்டி, நான்கு வளையங்கள் கொண்ட பொருள்களை ஆக்குகின்றன. அவற்றுள் ஒன்றுக்கு உலகப் புகழ் வந்த வரலாற்றை இப்போது சொல்கிறேன்.

1981-இல் எய்ட்ஸ் நோய் முதன்முதலாக மருத்துவ உலகின் கண்ணில் பட்டது. 1983-இல் அதற்குக் காரணமான வைரசைக் கண்டனர். நம் நாட்டில் அது புகுந்துள்ளது என்பதை 1986-இல் உலகறியச் செய்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும், அவர்தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் ஆவர். அந்நாளில் அந்நோய்க்கு மருந்து என்று சொல்ல ஒன்றும் இல்லை. 1987-இல் ஏ.இசட்.டி. என்ற முதல் மருந்து இசைவு பெற்றது. ஆனால், அந்த வைரஸ் நாளுக்கு நாள் தன் வடிவை மாற்றிக்கொண்டு அம்மருந்துக்கும் மசியாமல் தப்பியது. புதிய மருந்துக்காக உலகம் ஏங்கி நின்ற காலம் அது.

அந்த வைரஸ் செய்யும் சூழ்ச்சியை ஓர் உவமையால் விளக்கலாம். நம் உயிரணு ஒவ்வொன்றினுள்ளும் டி.என்.ஏ. என்னும் ஒரு சுவடிக்கட்டு இருக்கிறது. நம் உடல் இயங்க வேண்டிய முறை அதில் எழுதப்பட்டுள்ளது. வைரசோ தன் வாசகத்தை ஆர்.என்.ஏ. என்னும் வேறு ஓலையில் எழுதிக்கொண்டு வருகிறது. உள்ளே வந்ததும் அவ்வாசகத்தை டி.என்.ஏ. எழுத்தில் படியெடுத்து, நம் சுவடிக்கட்டின் நடுவே செருகிவிடுகிறது. பின்பு நம் உயிரணுவே அறியாமல் பகைவனின் ஏவலைச் செய்யத் தொடங்கும். இவ்வாறு படியெடுக்கும் எழுத்தன் ஒருவன் உளன். அவனைத் தலைகீழ்ப் படியெடுப்பு நொதி என்பர். அவன் கையைத் தடுத்துவிட்டால் சூழ்ச்சி நின்றுவிடும். ஏ.இசட்.டி. மருந்து அவனுக்குப் பொய்யெழுத்து ஒன்றைக் கொடுத்து வரியை இடையில் அறுத்தது. அவன் கையையே மடக்கும் பொருள் வேறு கிடைக்குமா என்று ஆய்வாளர் தேடினர்.

அமெரிக்க நாட்டின் தேசியப் புற்றுநோய்க் கழகம் 1986 முதல் வெப்ப நாட்டுக் காடுகளின் தாவரங்களைத் திரட்டிச் சோதித்து வந்தது. அதன் பொருட்டு 1987-இல் ஜான் பர்லி என்ற தாவர அறிஞர், போர்னியோ தீவின் வடமேற்கில் உள்ள சரவாக் மாநிலத்திற்குச் சென்றார். போர்னியோ உலகத் தீவுகளுள் மூன்றாவது பெரிய தீவு; மலேசியா, இந்தோனேசியா, புருணை ஆகிய மூன்று நாடுகள் அதனைப் பங்கிட்டுக்கொண்டுள்ளன. சரவாக் 1963 முதல் மலேசியாவைச் சேர்ந்தது. அங்கே லுண்டு வட்டாரத்துச் சதுப்புக் காட்டில் ஒரு மரத்திலிருந்து பர்லி சிறிதளவு மாதிரி எடுத்தார். அதே மரத்தின் கொப்பு ஒன்றை அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி, இடமும் நாளும் எண்ணும் குறித்து வைத்தார். அன்று அது ஆயிரக்கணக்கான மாதிரிகளுள் ஒன்று. அந்த உலர்ந்த கொப்பின் அருமை பின்னரே விளங்கியது.

ஆய்வுக்கூடத்தில் அம்மரத்தின் சாறு, மனித உயிரணுக்களை எய்ட்ஸ் வைரசின் அழிவிலிருந்து காத்தது. ஆய்வாளர் அச்சாற்றைப் பகுத்துப் பகுத்து, வேலை செய்யும் பொருளைத் தனியே எடுத்தனர். அதற்குக் கலனோலைடு-ஏ என்று பெயர் இட்டு, 1992-இல் வெளியிட்டனர். கரி அணுக்கள் 22, ஹைட்ரஜன் அணுக்கள் 26, ஆக்சிஜன் அணுக்கள் 5 சேர்ந்தது அது. நாம் சொன்ன எழுத்தனைப் பற்றி, அவன் கை இயங்காதவாறு மடக்குவதே அதன் தொழில். ஏ.இசட்.டி. மருந்துக்கு மசியாத வைரஸ் வகையும் இதற்கு மசிந்தது. ஆய்வாளர்க்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ!

சோதனையைத் தொடர மேலும் மாதிரி வேண்டும். ஆய்வாளர் சரவாக்கிற்கு மீண்டும் சென்றனர். குறித்து வைத்த இடத்தைத் தேடி அடைந்தனர். அங்கே மரம் இல்லை. யாரோ அதனை வெட்டிவிட்டிருந்தனர்.

அன்பர்களே! வெட்டியவரை நாம் பழிக்க இயலாது. காட்டோரம் வாழ்வார்க்கு மரம் என்பது வீட்டுக்குத் தூண், அடுப்புக்கு விறகு. அம்மரத்தினுள் இருந்தது யாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு அறிந்தவரும் அன்று எவருமிலர். அறியாத பொருளின் இழப்பு இழப்பாகவே தோன்றாது. காட்டில் அன்றாடம் விழும் மரங்களுள் எத்தனை மரங்கள் இவ்வாறு தம் மறைபொருளோடு வீழ்ந்தன என்பதை யார் கணக்கிட வல்லார்?

அக்கம்பக்கத்தில் அதே இனத்து மரங்கள் சில இருந்தன. அவற்றின் சாற்றைச் சோதித்தபோது, கலனோலைடு-ஏ போதிய அளவில் கிடைக்கவில்லை. இது வியப்பாகத் தோன்றலாம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளும் ஒருவர் போல் ஒருவர் இருப்பதில்லை அல்லவா? மரமும் அவ்வாறே. மண்ணும் நீரும் வெயிலும் பட்ட காயமும் பிறப்பும் சேர்ந்து, ஒவ்வொரு மரத்தின் சாற்றையும் தனித்தன்மை உடையதாக்குகின்றன. இனம் ஒன்று என்பதால் மரம் ஒன்று ஆகிவிடாது. ஆதலின் ‘ஒன்று போனால் வேறொன்று உண்டு’ என்று மரத்தைப் பற்றிச் சொல்வது முழு உண்மை ஆகாது.

இந்நிலையில் ஆய்வாளர்க்கு வழிகாட்டியது உறவு முறையே. காகிதத்தில் ஒட்டிய கொப்பு இன்ன இனம் என்று ஐயமறக் காட்டியது. அதன் பங்காளிகள் யாவர் என்பதைத் தாவர நூல் சொல்லியது. சிக்காகோ நகரத்து இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோல் சோஜார்ட்டோ என்ற அறிஞர், சரவாக் வனத்துறையாரின் துணையோடு காடு காடாகச் சென்று, கலோபில்லம் குடும்பத்து மரங்களைத் தேடி மாதிரி திரட்டினார். அவற்றுள் கலோபில்லம் தெய்ஸ்மன்னி என்ற மரத்தின் பட்டையைக் கீறினால் வடியும் பாலில், கலனோலைடு-பி வகையைச் சேர்ந்த பொருள் மிகுதியாக இருந்தது. அதுவும் வைரசைத் தடுத்தது. ரப்பர் மரத்தில் பால் எடுப்பதுபோல் எடுக்கலாம். மரத்தை வெட்ட வேண்டுவதில்லை. வெட்டினால் ஒரு நாள் பயன். கீறினால் பல்லாண்டுப் பயன். இதற்கிடையே சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் முன்னோர் நட்டு வளர்த்திருந்த லானிகெரம் மரங்களும் ஆய்வுக்கு உதவின. 1859-இல் தோன்றிய அப்பூங்காவில் மரம் நட்டவர்க்கு எய்ட்ஸ் நோய் என்று ஒன்று வரும் என்பது தெரியாது. தெரியாமலே பேணியதுதான் ஒரு காலத்தில் துணையாக வந்து நின்றது.

இரசாயன அறிஞர்களும் சும்மா இருக்கவில்லை. கலனோலைடு-ஏ அணு அணுவாகக் கூட்டித் தொகுக்கப்பட்டது. புளோரோகுளுசினால் என்னும் எளிய பொருளில் தொடங்கி, படிப்படியாக நான்கு வளையங்களையும் கட்டும் முறையைக் கண்டனர். இதில் ஒரு நுட்பம் உண்டு. கண்ணாடியில் நம் வலக்கை இடக்கையாகத் தோன்றுகிறதன்றோ? இப்பொருளுக்கும் அவ்வாறு கண்ணாடி நிழல் போன்ற ஓர் இரட்டை உண்டு. அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. அமைப்பு மட்டும் இட வலமாக மாறியது. மரம் ஆக்கும் வடிவமே வைரசைத் தடுக்கும். அதன் இரட்டை ஒரு பயனும் அற்றது. வலக்காலின் செருப்பு இடக்காலுக்குப் பொருந்துமா? மனிதன் ஆய்வுக்கூடத்தில் அரிதின் முயன்று பிரித்தெடுக்கும் அந்த ஒரு வடிவத்தை, மரம் சேற்றில் நின்றபடியே ஓசையின்றி ஆக்கிக்கொண்டிருந்தது. அதனை நமக்குக் கற்பித்ததும் அம்மரமே. மரம் காட்டியிராவிடில், இப்படி ஒரு பொருளைக் கட்ட வேண்டும் என்ற எண்ணமே எவர்க்கும் தோன்றியிராது.

இவ்விடத்தில் நீதி பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். நம் வீட்டு முற்றத்தில் நிற்கும் நித்தியகல்யாணி, மடகாஸ்கர் தீவில் பிறந்த செடி. அதிலிருந்து எடுத்த வின்கிறிஸ்டினும் வின்பிளாஸ்டினும் 1960-களில் மருந்தாகி, இரத்தப் புற்றுநோயால் வாடிய எத்தனையோ குழந்தைகளைக் காத்தன. ஆயினும் அச்செடி முன்பே உலகெங்கும் பரவிவிட்டமையால், பிறந்த தீவுக்குத் தனிப் பங்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. சரவாக்கில் அவ்வாறு நிகழவில்லை. 1992-இல் ரியோ நகரில் கூடிய நாடுகள், ஒரு நாட்டின் உயிர்வளத்தில் அந்நாட்டுக்கு உரிமை உண்டு என்று உடன்படிக்கை செய்துகொண்டன. 1996-இல் அமெரிக்கக் கம்பெனி ஒன்றும் சரவாக் அரசும் கூட்டாளிகளாகி, கலனோலைடை மருந்தாக்கும் முயற்சியைத் தொடங்கின. 1998-இல் சரவாக் தன் உயிர்வளத்தை ஆய்ந்து காக்கத் தனி நிலையம் ஒன்றையும் நிறுவிக்கொண்டது. மரம் நின்ற மண்ணின் மக்கள் வெறும் பார்வையாளராக நின்றுவிடாமல் பங்காளர் ஆயினர். இது அவ்வொரு மரம் தந்த இரண்டாவது கொடை.

மருந்து வந்துவிட்டதா என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மையை மறைக்காமல் சொல்வதே முறை. நலமுடைய மனிதர்க்குச் சிறு அளவில் கொடுத்துப் பார்த்த முதற்கட்டச் சோதனைகள் நடந்து, அவற்றின் முடிவு 2001-இல் வெளியாயிற்று. தாங்கத்தக்கது என்று கண்டனர். ஆயினும் இன்றளவும் அது மருத்துவர் எழுதித்தரும் மருந்தாக ஆகவில்லை. அதற்குள் வேறு மருந்துகள் பல வந்தன. 1996-க்குப் பின் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையால் எய்ட்ஸ் நோயாளர் நெடுங்காலம் வாழ வழி பிறந்தது. ஒரு பொருள் சோதனைக் குழாயிலிருந்து நோயாளியின் கைக்கு வருவது நெடும்பயணம். புறப்பட்டவை எல்லாம் ஊர் சேர்வதில்லை. அதனால் முயற்சி வீண் என்று ஆகாது.

இப்போது நம் புன்னைக்கு வருவோம். இதுவும் சுவையான கதை. ஆப்பிரிக்க நத்தை என்னும் பெரு நத்தையின் சாற்றை ஆய்வாளர் சோதித்தபோது, வைரசைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கக் கண்டனர். நத்தைக்கு ஏது இந்த வல்லமை என்று ஆராய்ந்தனர். அந்த நத்தைக்கு உணவாவது புன்னை! நத்தையின் உடலில் இருந்தது புன்னையின் பொருளே. இனோபில்லம் என்று புன்னையின் பெயராலேயே அப்பொருள்களை அழைத்து, 1993-இல் வெளியிட்டனர். அவையும் கூமரின் குலத்தவை, கலனோலைடுக்கு உடன்பிறப்பு. போர்னியோவின் அரிய மரத்தில் தேடிய பொருளின் உறவு, நம் கடற்கரையிலும் கோயில் முற்றத்திலும் நின்றுகொண்டிருந்தது.

இதைக் கேட்டு எவரும் புன்னை இலையை அரைத்துக் குடிக்கப் புறப்பட வேண்டா. புன்னை விதையின் எண்ணெய் விளக்கெரிக்கவும் மேற்பூச்சுக்கும் உதவியது; உண்ணத் தக்கது அன்று. மருந்தும் நஞ்சும் ஒரே வீட்டில் குடியிருப்பவை. அளவும் தூய்மையும் அறிந்தவரே அவற்றைப் பிரித்தறிய வல்லார்.

நிறைவாக ஒன்று சொல்லி அமைகிறேன். அந்த மரம் வெட்டுண்ட பின்னும் அதன் அறிவு முற்றிலும் அழியாமல் தப்பியது ஏன்? ஒருவர் அதன் பெயரையும் இடத்தையும் எழுதி வைத்தார். வேறொருவர் அதன் உறவைத் தெரிந்து வைத்திருந்தார். மற்றொருவர் எங்கோ ஒரு பூங்காவில் அதனை நட்டு வைத்திருந்தார். இம்மூன்றும் பேரறிஞர்க்கு மட்டும் உரிய செயல்கள் அல்ல. நம் காலனியிலும் மரங்கள் நிற்கின்றன. நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அவற்றின் பெயரைத் தமிழிலோ இவ்வூர் மொழியிலோ சொல்ல வல்லார்? நம் பாட்டிமார் அறிந்தவற்றை யாரேனும் எழுதி வைத்திருக்கிறோமா? அடுத்த ஆண்டுவிழாவுக்குள் காலனியின் மரம் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பெயர்ப்பலகை தொங்க வேண்டும். அதில் தமிழ்ப் பெயரும் இவ்வூர்ப் பெயரும் தாவர நூற்பெயரும் இருத்தல் வேண்டும் என்று சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். அப்பணியைச் சிறுவர்களிடமே ஒப்படையுங்கள். ஐயம் வந்தால் இவ்வூர் முதியவரிடம் சென்று கேட்கட்டும். மரத்தின் பெயர் கேட்கப் போகும் பிள்ளைக்கு அண்டை வீட்டாரின் மொழியும் உடன் வந்துவிடும். பெயர் தெரிந்த மரத்தை வெட்டுவதற்கு முன், கோடரி எடுத்த கையும் ஒரு கணம் தயங்கும்.

இடம் இருந்தால் ஒரு புன்னைக் கன்றும் நடுவோம். அதன் பாலில் ஊறும் பொருள் எந்த நாளில் எவர்க்குப் பயன்படும் என்பதை நாம் அறியோம். நிழல் தரும் என்பது மட்டும் உறுதி.